மூன்று ஃபைல்களில் அழிந்த பெயர்

பூதலூரில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து சில ஆண்டுகளாக ஒரு ஜாவா ப்ராஜெக்டைப் பராமரித்து வருகிறேன். வாய்க்கால்களின் நீர்மட்டக் குறிப்புகளைப் படித்து வரைபடம் போடும் சின்ன நிரல். ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம். எழுதியவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது என்பது அதன் லைசென்ஸ்.

அதை மீறியது நானேதான். 1.4 பதிப்பை வெளியிடும் அவசரத்தில், எல்லா ஃபைல்களின் தலைப்பிலும் லைசென்ஸ் வாசகம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, தானாகவே மாற்றிவிடும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது பழைய பெயர்களையெல்லாம் துடைத்துவிட்டு என் பெயரைப் போட்டுவிட்டது. நான் சரிபார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேதாரண்யத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். நிரல் ஓடும்போது எங்கே என்ன தவறியது என்று வரிவரியாகக் குறித்துவைக்கும் லாக் பகுதியை எழுதிக் கொடுத்தவர். நேரில் பார்த்ததில்லை.

“மேடம், லாக் பகுதியில மூணு ஃபைலும் நான் எழுதினதுங்க. திங்கக்கிழமை எனக்கு இன்டர்வியூ. என் கோடை அங்க பாருங்கன்னு சொல்லியிருக்கேன். இப்பத் திறந்தா உங்க பேரு இருக்கு.”

எனக்குக் கோபம் சட்டென்று வரும். “பழைய வெர்ஷன்ல உங்க பேரு இருக்குமே, அதைக் காட்டுங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

“காட்டலாங்க. ஆனா அவங்க முதல்ல பாக்குறது புதுசைத்தானே.”

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. குத்தகைக்கு உழுதவன் பெயர், எந்த நிலத்தில் யார் பயிரிட்டது என்று எழுதும் கிராமத்து அடங்கலில் ஏறாவிட்டால் என்னவாகும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பயிர் மூழ்கிய வருஷம் சேற்றில் நின்றது அப்பா. நிவாரணம் போனது நிலக்காரர் வீட்டுக்கு. அதே வேலையை நான் இன்னொருவருக்குச் செய்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

எல்லோரும் நிரல்களை இறக்கிக்கொள்ளும் இணையப் பொதுக் கிடங்கில் ஒருமுறை ஏற்றிய பதிப்பைத் திருத்தவும் முடியாது, திரும்பப் பெறவும் முடியாது. 1.4 அப்படியேதான் கிடக்கும். திங்கட்கிழமைக்குள் 1.4.1 வந்தாக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். இந்த முறை ஸ்கிரிப்ட் வேண்டாம். ஒவ்வொரு ஃபைலின் வரலாற்றையும் திறந்து, யார் எழுதியது என்று பார்த்து, கையாலேயே பெயரைச் சேர்த்தேன். இன்னும் நான்கு பேரின் பெயர்கள் காணாமல் போயிருந்தன. அவர்கள் கேட்கவே இல்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார்.

ஞாயிறு மதியம் வெளியீட்டுக் குறிப்பு மட்டும் பாக்கி. ‘லைசென்ஸ் தலைப்புகள் சீரமைக்கப்பட்டன’ என்று எழுதினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, என் தப்பு யாருக்கும் தெரியாது. அழித்தேன். ‘பிறர் எழுதிய ஃபைல்களில் என் பெயரைப் போட்டது என் தவறு. லாக் பகுதி முழுவதையும் எழுதியவர் இவர்’ என்று அவர் பெயரை எழுதி வெளியிட்டேன்.

அடுத்த வாரம் நானே அவருக்குப் போன் செய்து, இன்டர்வியூ என்னாயிற்று என்று கேட்டேன்.

“வேலை கிடைக்கலைங்க மேடம்” என்றார். அவரே தொடர்ந்தார்.

“ரெண்டு வெர்ஷனையும் பாத்துட்டாங்க. உங்க குறிப்பையும் படிச்சிருந்தாங்க. நான் பொய் சொல்றேன்னு மட்டும் யாரும் நினைக்கலைங்க.”