மேவிஸின் ஜாடி

ஆர்லன் ஹோக்ஸ்ட்ரா கறுப்புக் கோட்டும் கழுத்தில் போ-டையுமாக நின்றதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். வாடகைக் கோட்டு. தோளில் இறுக்கம், கையில் தாராளம்.

அவர் எங்கள் ஊரின் ஹீட்டர் மெக்கானிக். பனி கொட்டும் ஐயோவாவில் ஜனவரி மாதம் ஹீட்டர் நின்றுபோன வீட்டுக்கு மெக்கானிக் வந்தால் சாமி வந்த மாதிரி. ஆனாலும் வேலை முடிந்து கிளம்பும்போது, "தொந்தரவு குடுத்துட்டேன்" என்று சொல்வது அவராகத்தான் இருக்கும். தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கத் தெரியாத மனிதர். எங்கள் ஊரே அப்படித்தான். தட்டில் கடைசித் துண்டு கேக் காய்ந்து கிடக்கும். எல்லாருக்கும் ஆசை, ஒருவரும் தொட மாட்டோம். இந்தக் குணத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் மனைவி மேவிஸ் நேர் எதிர். பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்த்தாள், பக்கத்து வீடு. முகத்துக்கு நேரே பேசுகிறவள். புற்றுநோய் அவளைக் கொண்டுபோய் நான்கு வருஷம் ஆகியிருந்தது.

கல்யாணமான புதிதில் அவர்கள் வீட்டு மாடியில் நீனா என்றொரு ஓவியக்காரி வாடகைக்கு இருந்தாள். மேவிஸ் பின்வாசல் படியில் உட்கார்ந்து சோளம் உரிப்பதை வரைந்து எடுத்துக்கொண்டு போனவள், பிறகு பெரிய ஆளாகிவிட்டாள். அந்தப் படத்தை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

எங்கள் மியூசியம் வருஷா வருஷம் மார்ச்சில் ஒரு நடன விருந்து வைக்கும். டிக்கெட் யானை விலை. அதில் சேரும் பணத்தில் ஒரு படம் வாங்குவார்கள். மூன்று படங்களை வியாபாரியிடமிருந்து வரவழைத்து, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கண்ணாடி ஜாடி வைப்பார்கள். வருகிறவர்களுக்குத் தலைக்கு ஒரு வட்டமான மரவில்லை, ஓட்டுச் சீட்டு மாதிரி. எந்த ஜாடியில் வில்லை அதிகமோ அந்தப் படம் ஊரில் தங்கும், மற்ற இரண்டும் வந்த வழியே போகும். அந்த வருஷம் மூன்றில் ஒன்று நீனா வரைந்த மேவிஸ்.

ஆர்லன் தன் மீன்பிடிப் படகை விற்றார்.

"படகை ஏன் வித்தீங்க?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"முட்டி வலி, லோயிஸ்."

"முட்டி வலிக்காரர் டான்ஸுக்கு டிக்கெட் வாங்குவாரா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ இங்கயே இருந்துட்டா நல்லாருக்கும். வியாழக்கிழமை மியூசியத்துல நுழையக் காசு கிடையாது. போய் உக்காந்துட்டு வரலாம்."

"நாலு பேர்கிட்ட சொல்லி வைங்க. எல்லாரும் போடுவாங்க."

"சொந்தப் பொண்டாட்டிக்கு நானே ஓட்டுக் கேக்கறதா? அசிங்கம்."

"அப்ப நான் கேக்கறேன்."

"நீ கேட்டா நான் தூண்டிவிட்டேன்னுதான் நினைப்பாங்க. வேணாம். சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன்.

விருந்தன்று என் வேலை வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டுவது. ஆர்லன் எல்லாருக்கும் முன்னால் வந்தார். படத்தின் முன்னால் போய் நின்றார். மேவிஸ் சோளக்கதிரும் கையுமாக, 'இப்ப என்ன வேணும் உங்களுக்கு' என்பது போல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆர்லன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். விருந்துக் குழுவின் தலைவி கார்னெட் வெஸல் அதைப் பார்த்துவிட்டாள். கார்னெட் நல்லவள். வினையே அதுதான்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் ஓடிப்போய் என் வில்லையை மேவிஸ் ஜாடியில் போட்டேன். விழுந்து அடியில் மோதிய சத்தம் கேட்டது. பக்கத்து ஜாடி நிரம்பி வழிந்தது. பனிமூட்டத்தில் ஆற்றில் போகும் ஒரு படகுப் படம். அதுதான் ஜெயித்தது. எல்லாரும் கை தட்டினார்கள், ஆர்லனும் தட்டினார். பிறகு மேவிஸின் ஜாடிக்குள் குனிந்து பார்த்தார்.

"பத்துகூட இல்ல, லோயிஸ். இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு முப்பது வருஷம் ஆக்கிப் போட்டா. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனா இத்தன பேருக்கு அவளப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாது."

அதற்குள் கார்னெட் வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அழுததப் பாத்தேன், ஆர்லன். அந்த முகத்த இங்க மாட்டிவச்சா நீங்க எப்படித் தாங்குவீங்க? ஒவ்வொரு மேசையா போய்ச் சொல்லிட்டேன். மேவிஸ் மேல இருக்கிற பிரியத்துலதான் எல்லாரும் வேற ஜாடியில போட்டாங்க. இனிமே நிம்மதியா இருங்க."

ஆர்லன் முகத்தில் ரத்தமே இல்லை. "ரொம்ப நன்றி, கார்னெட்," என்றார். "பெரிய மனசு உங்களுக்கு."

என் காரில்தான் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கொதித்துக்கொண்டிருந்தேன். "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"பாவம், மேசை மேசையா நடந்திருக்கா. சொன்னா மனசு ஒடஞ்சிடுவா." பாலத்தைத் தாண்டும்போது சொன்னார்: "வீட்ல இருக்கிற போட்டோ எல்லாத்துலயும் சிரிக்கிறா, லோயிஸ். அது காமிராவுக்குச் சிரிக்கிற சிரிப்பு. என்கிட்ட அவ அப்படியா இருந்தா? என்மேல எரிஞ்சு விழற மேவிஸ இன்னிக்குத்தான் மறுபடி பாத்தேன்."

அதற்கப்புறம் அழுதுகொண்டே வந்தார். நானும் அழுதேன், வண்டி ஓட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல்.

படம் வியாபாரியிடம் திரும்பிப்போய், டெக்சஸில் யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. இரண்டு வருஷம் கழித்து வந்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை ஆர்லன். இதயம் என்றார்கள்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தோம். கார்னெட் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"எத்தனையோ குளிர்ல எங்க வீட்டுக்கு வந்து ஹீட்டர் பாத்துக் குடுத்திருக்காரு. பதிலுக்கு அந்த விருந்தன்னிக்கு ஒரு நல்லது பண்ணினேன், லோயிஸ். அத நினைச்சாத்தான் கொஞ்சம் ஆறுதலா இருக்கு."

உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் குவளையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினேன்.

"ஆமா, கார்னெட்," என்றேன். "அவரும் அப்படித்தான் சொன்னாரு."