நிக்கனோரின் ஹீட்டர்

குளிர்காலம் வந்துவிட்டால் தெமூகோ பல்கலைக்கழகத்தில் எல்லாரும் பயந்தது தேர்வுக்கல்ல, எதெல்மிராவுக்கு. சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஊரே ஹீட்டரைப் போடும்; அதுதான் உச்ச நேரம். காற்று கெட்டுப்போன நாட்களில் விறகு எரிக்கவும் தடை என்பதால் ஊர்க்குளிர் மொத்தமும் மின்சாரத்தின் தலையில் விழும். அந்த நேரத்தில் வளாகத்து மின்சாரத்தைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மேலிடம் சொன்னபோது, பேராசிரியர்களின் அறைக்குள் போய் அணைக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை. துப்புரவு வேலையில் இருந்த எதெல்மிராதான், "நான் அணைக்கிறேன், என்னை என்ன கடிச்சா தின்னுடுவாங்க?" என்று முன்னால் வந்தாள்.

அவளுக்கு எதற்குப் பயம்? மர ஆலையில் புருஷனைப் பறிகொடுத்து, ஒண்டியாக மகளை வளர்த்து, தலைநகர் சந்தியாகோவில் கட்டிக்கொடுத்தவள். ஆறு மணிக்குச் சாவிக்கொத்தோடு கிளம்பினால் கட்டடம் கட்டடமாக விளக்கும் ஹீட்டரும் அணைந்துகொண்டே வரும். மேசைக்கடியில் திருட்டு ஹீட்டர் வைத்திருப்பவர்களை மூக்காலேயே பிடிப்பாள். சூட்டின் மேல் ஆரஞ்சுத் தோலைப் போட்டு வாசம் பிடிப்பது அந்த ஊர்ப் பழக்கம். ஒளித்து வைத்தவர்கள்கூட அந்தத் தோலை மட்டும் விடமாட்டார்கள், பைத்தியங்கள்! பிடித்த ஹீட்டரெல்லாம் கிடங்குக்குப் போய்விடும்.

ஒரே ஒரு ஹீட்டரை மட்டும் அவள் பார்த்தும் பாராததுபோல் இருந்தாள். அது வாசல் காவலாளி நிக்கனோருடையது. நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கூண்டில், பிடியில் நீலநிற டேப் சுற்றிய ஒரு குட்டி ஹீட்டர். சுற்று முடிந்ததும் ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அங்கே போவாள். இருவரும் ஒரே குழலில் மாத்தே என்ற கசப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு வாய்ச்சண்டை போடுவார்கள். வசந்தம் வந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அந்த வயதில் ஆசை வந்ததே என்று வெட்கப்பட்டாலும், அவள் புதுச் சட்டைத்துணி எடுத்து வைத்திருந்தது நிஜம்.

ஒருநாள் கணக்கு அலுவலகத்து யஸ்னாவின் ஹீட்டரை அவள் பிடுங்கியபோது, யஸ்னா சும்மா விடவில்லை.

"எங்களுதையெல்லாம் வாரிக்கிட்டுப் போறீங்களே, உங்க கல்யாண மாப்பிள்ளையோட கூண்டுல மட்டும் என்ன வெயிலா அடிக்குது?"

அலுவலகமே கொல்லென்று சிரித்தது. எதெல்மிராவுக்கு முகம் செத்துவிட்டது. விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள்.

"கிழவா, ஹீட்டரைக் குடு."

"அடேயப்பா, என் கிழவிக்கு வந்த கோவத்தைப் பாரு!" நிக்கனோர் தானே வயரைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தான். "எடுத்துட்டுப் போ. உன்னை ஊர் பேசறதைவிட எனக்குக் குளிரட்டும்."

அன்று ராத்திரி முழுவதும் அந்தச் சொல் அவளை அரித்தது. மறுநாள் தன் வீட்டு இரும்புக் கணப்புச் சட்டியையும் ஒரு பை கரியையும் சுமந்து வந்தாள்.

"வெளியவே பத்த வை. புகை அடங்கி, கங்கு மேல சாம்பல் பூத்தப்புறம் உள்ள கொண்டு போ. அப்புறம் ஒண்ணும் பண்ணாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வை."

"எங்க அம்மா சொல்லாததையா நீ சொல்லிட்டே? போ, போய் விளக்கை அணை."

அவள் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள், அவன் அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். புகை போனால் விஷமும் போயிற்று என்று அந்தச் சீமையே நம்பியது. கண்ணுக்குத் தெரியாமல், மூக்குக்கும் தெரியாமல் கங்கிலிருந்து வருவதுதான் ஆளைக் கொல்லும் என்று யாருக்கு உறைத்தது?

அந்த வாரம் பேய் மழை. சாரல் உள்ளே அடிக்கிறதென்று நிக்கனோர் ஜன்னலைச் சாத்திவிட்டான். சுற்றை முடித்து எதெல்மிரா வந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.

"தூங்கறியா கிழவா? காது செவிடாப் போச்சா?" என்று கதவைத் தள்ளினாள். நாற்காலியில் சாய்ந்திருந்தான். மடியில் மாத்தேக் குடுவை. சட்டியில் ஆரஞ்சுத் தோல் சுருண்டு கருகி, கூண்டு முழுக்க நல்ல வாசம். உலுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள், தரதரவென்று மழையில் இழுத்துப் போட்டு, "எழுந்திருடா, எழுந்திருடா!" என்று கதறினாள். அவன் எழுந்திருக்கவில்லை. ஐயோ, அந்தப் பாவியின் கை செய்த வேலை அது. அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குளிர்காலக் கடைசியில் கூட்டம் போட்டார்கள். உச்ச நேர மின்சாரம் இவ்வளவு குறைந்ததே இல்லையாம். எதெல்மிராவை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். யஸ்னா மட்டும் தட்டாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எதெல்மிரா மேடைப் பக்கம் போகாமல் நேராகக் கிடங்குக்குப் போனாள்.

வாசல் கூண்டில் புதுக் காவலாளி சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நீல டேப் சுற்றிய ஹீட்டரை அவர் காலடியில் வைத்து வயரைச் சொருகினாள்.

"மணி ஆறாச்சேம்மா. நீங்களே இப்படிப் பண்ணலாமா?" அவர் பதறிப்போய்ச் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் எதெல்மிரா. "அது எரியட்டும்."

பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அணைக்கப் போனாள்.