மூடி போட்ட வெண்டைக்காய்

வெண்டைக்காயை முதலில் கழுவ வேண்டும். ஈரம் போகத் துணியால் துடைத்து, சிறிது நேரம் காற்றாட விட்டு, அதன் பிறகே நறுக்க வேண்டும். வாணலியில் போட்ட பின் மூடக் கூடாது. உப்பு கடைசியில்தான். மலேசியாவின் ஈப்போவில் என் வீட்டின் பின்புறம் தொட்டிகளில் காய்ப்பதைச் சமைக்கும்போது இன்றும் நான் இந்த வரிசையை மாற்றுவதில்லை. எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தைப் போட்டவர் அத்தை, அப்பாவின் தங்கை. சட்டம் போட்ட அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஒவ்வொன்றாக மீறினார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நாங்கள் பத்து காஜாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் குடியிருந்தோம். வீட்டின் பின்னால் அப்பா வெண்டை போட்டிருந்தார். ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்ததும் பசியாறக்கூட உட்காராமல் செடிகளிடம் போவார். ஒவ்வொரு காயின் நுனியையும் விரலால் வளைத்துப் பார்த்து, இளசாக இருப்பதைப் பறிப்பார். ஒரு நாள் பார்க்காமல் விட்டால் மறுநாள் நாராகிவிடும் என்று அவருக்குப் பயம். தங்கையைப் பற்றியும் அவருக்கு ஏறக்குறைய அதே பயம்தான்.

அத்தைக்குப் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. தங்குவதற்கு விடுதியும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை.

"கல்யாணத்த முடிச்சிட்டு எங்க வேணும்னாலும் போ. அப்புறம் அது உன் புருஷன் பாடு."

அத்தை வற்றல் போட ஆரம்பித்தார். அப்பா பறித்துப் போடும் காய்களில் சமையலுக்குப் போக மிஞ்சியதைத் துண்டுகளாக்கி, உப்பும் பச்சை மிளகாயும் கலந்த மோரில் ஊறவைப்பார். காலையில் பிழிந்து தகரத்தின் மேல் காயப்போடுவார். சாயங்காலம் மறுபடி மோருக்குள். மோர் முழுவதும் வற்றும்வரை இப்படி. எங்கள் பக்கத்தில் மத்தியானமானால் மழை வந்துவிடும். வானம் கறுத்ததும் தகரத்தை உள்ளே இழுப்பது என் வேலை. இவ்வளவு வற்றல் எதற்கு என்று கேட்டேன்.

"பினாங்குக்குத்தான் பாப்பா. ஆஸ்டல்ல தினமும் சமைக்க முடியுமா? சோத்துக்கு ரெண்டு பொரிச்சிக்கிட்டா போதும்லா."

அப்பா வேண்டாம் என்ற இடத்துக்கு அத்தை எப்படிப் போவார் என்று எனக்கு அன்றே ஒரு குழப்பம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காம்பாரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தூரத்திலிருந்து பேருந்தில் வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுவதும், அதில் ஒரு கறியாவது பெண் தன் கையால் சமைத்திருப்பதும் எங்கள் தோட்டத்தில் வழக்கம். அந்த ஒரு கறி எது என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. தரகரிடம் முன்கூட்டியே பெருமை அடித்திருந்தார்.

"என் தங்கச்சி வெண்டிக்கா வதக்குனா ஒவ்வொரு துண்டும் தனித்தனியா உருளும், அண்ணே. நீங்களே வந்து பாருங்க."

அன்று அத்தை காயை நறுக்கினார். நறுக்கிய பிறகு தண்ணீரில் கொட்டி அலசினார். வாணலியில் போட்டதும் உப்பைத் தூவினார். பிறகு ஒரு தட்டை எடுத்து மூடினார். எனக்குத் தாங்கவில்லை.

"அத்த, மூடுனா கொழகொழன்னு ஆயிடும்னு நீங்கதான சொன்னீங்க?"

"இன்னிக்கி இப்படித்தான். நீ போய் இலையைத் தொடச்சி வை."

அம்மா வந்தார். நான் உடனே புகார் சொன்னேன். அம்மா தட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு தட்டைத் திரும்ப வைத்து மூடிவிட்டு, "அடுப்ப இன்னும் கொஞ்சம் கொறச்சி வை," என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர்கள் இருவருக்கும் ஒரே நாளில் சமையல் மறந்துபோனதா?

பந்தியில் அந்தக் கறியைக் கரண்டியால் எடுத்தபோது நூல் நூலாகத் தொங்கியது. அப்பாவின் முகம் சுருங்கியது. தரகர் தண்ணீரைக் குடித்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் எடுத்து, மெதுவாக மென்று, தலையை ஆட்டினார்.

"நம்ம வீட்டு வெண்டிக்கா மாதிரியே இருக்குடா தம்பி! நானும் இப்படித்தான் செய்வேன். இந்தக் காலத்துப் பொண்ணுங்க மொறுமொறுன்னு வறுத்து வாயைக் கிழிச்சிப்புடுதுங்க."

மாப்பிள்ளை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவுக்கு உயிர் வந்தது. "என் தங்கச்சி கைப்பக்குவம் அப்படி," என்றார். கதவோரம் நின்ற அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். கறி நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கு ஒருவர் அப்படி வெளுத்துப்போவதை நான் அதுவரை கண்டதில்லை.

மாப்பிள்ளை கை கழுவப் பின்பக்கம் வந்தார். துண்டோடு என்னை அனுப்பினார்கள். அவரை அண்ணே என்பதா, மாமா என்பதா என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் துண்டை மட்டும் நீட்டினேன்.

"உங்க அத்தை எப்பவும் வெண்டிக்கா இப்படித்தான் சமைப்பாங்களா?"

அத்தையின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று எனக்கு ரோஷம் வந்தது. இல்லவே இல்லை என்றேன். துடைப்பது, காற்றாட விடுவது, மூடாமல் வதக்குவது என்று சட்டம் முழுவதையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். அவர் குழாயை மூடினார்.

"அப்ப இன்னிக்கி ஏன் மூடுனாங்க?"

"எனக்கும் அதான் தெரியல. அம்மா பார்த்தாங்க, அவங்களும் ஒண்ணும் சொல்லல."

அவர் தகரத்துப் பக்கம் போனார். காய்ந்துகொண்டிருந்த வற்றலில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"இதெல்லாம் யாருக்கு?"

"அத்தைக்கு. பினாங்குல வேலை கெடச்சிருக்கு. அப்பாதான் கல்யாணம் பண்ணிட்டுப் போன்னு சொல்லிட்டாரு."

பொரிக்காத வற்றலை அப்படியே வாயில் போட்டுக் கடித்தார். உப்பும் புளிப்பும் ஏறியிருக்கும். முகத்தைச் சுளித்தார், பிறகு சிரித்தார். "நல்லாக் காஞ்சிருச்சே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் அன்று இரவே அத்தையிடம் ஒப்பித்தேன்.

சில நாள் கழித்துத் தரகர் தயங்கித் தயங்கி வந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழுச் சம்மதமாம். மாப்பிள்ளைதான் இப்போது கல்யாணமே வேண்டாம் என்று ஒரே பிடியாக நிற்கிறாராம். காரணம் கேட்டால் வாயைத் திறக்கவில்லையாம்.

அப்பா கொதித்துப்போனார். "ரெண்டு தடவ வாங்கித் தின்னுட்டு வேணாங்கிறானா? என்ன மனுசன்லா அவன்!" கத்தி ஓய்ந்து அவர் உட்கார்ந்ததும், அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். "அடுத்த மாப்பிள்ளை வர்ற வரைக்கும் அது சும்மாதான இருக்கும்? வேலைக்கிப் போய்ட்டு வரட்டுமே," என்றார். அப்பா காப்பியைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

புறப்படும் நாளன்று அத்தை வற்றலை இரண்டு பிஸ்கட் டின்களில் நிரப்பினார். ஒன்றைத் தன் பைக்குள் வைத்தார். மற்றதைத் துணியால் இறுக்கிக் கட்டி அம்மாவிடம் கொடுத்தார்.

"அண்ணி, தரகர் வந்தா இத காம்பாருக்குக் குடுத்து விடுங்க. அவரு கையிலயே குடுக்கச் சொல்லுங்க."

அம்மா சரி என்று வாங்கி, அப்பாவின் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மழைக்கு முன் அந்தத் தகரத்தை எத்தனை முறை இழுத்திருப்பேன். வற்றலில் பாதி, நம் அத்தையை வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஆளுக்கா? அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு, வானம் கறுக்கிறது, போய்த் தகரத்தை உள்ளே எடு என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். தகரத்தில் ஒன்றுமே இல்லை.