அழிக்காமல் விட்ட பென்சில் குறிப்புகள்

இன்று விருத்தாசலம் நூலகத்தில் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பழமலைநாதர் கோயில் கல்வெட்டுகளைப் பற்றியது. எழுதியவர், வெளிநாட்டுக்காரர்கள்கூடத் தேடி வந்து சந்தேகம் கேட்ட நம்மூர் அறிஞர். இப்போது அவர் உயிரோடு இல்லை.

எங்கள் நூலகர் அம்மா, திரும்பி வரும் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். பென்சில் கோடு இருந்தால் அழித்த பிறகுதான் அது அலமாரிக்குப் போகும்.

"என்னங்க, புக்கு பூரா கிறுக்கி வெச்சிருக்கீங்க?" ரப்பரைக் கையில் எடுத்துவிட்டார்.

"ஐயோ, அழிச்சிடாதீங்க! நான் எழுதலைங்க. இந்தப் புக்க எழுதின ஐயாவே எழுதியிருக்காரு. கீழ கையெழுத்து இருக்குது பாருங்க."

ஓரத்தில் இருந்ததை அவர் சத்தமாகப் படித்தார். "இந்தக் கல்வெட்டு வரியைத் தவறாகப் படித்துவிட்டேன். வாசகர் பொறுத்துக்கொள்க."

இப்படிப் புத்தகம் முழுக்க. அடுத்த பதிப்பு வரட்டும் என்று மனிதர் காத்திருக்கவில்லை. ஊர்க்காரர்கள் எடுத்துப் படிக்கும் பிரதியைத் தேடி வந்து, நூலகத்திலேயே உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு அதை வீட்டுக்கு எடுத்துப் போன முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது.

நூலகர் ரப்பரை மேசைக்குள் போட்டார். "இனிமே இத வூட்டுக்குத் தர மாட்டேங்க. இங்கயே உக்காந்து படிக்கச் சொல்றேன்."

நேற்று என் வலைப்பதிவில் பிழை காட்டிய நண்பரின் பின்னூட்டத்தை நான் அழித்துவிட்டேன். அவர் அதை மறுபடியும் போடலாம். ரப்பரை நானும் உள்ளே வைத்துவிட்டேன்.