எருமைக்குப் பழகிய கை

என் வீட்டுக்காரர் எருமை வாங்கக் கிளம்பிய நேரம் இருக்கிறதே, அப்போது அவரைத்தான் முளையில் கட்டிப் போட்டிருக்க வேண்டும். உத்திரமேரூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு பசு. பசு சினையாகிப் பால் வற்றி நின்றது. சென்னையில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் நான்தான் அங்கே போக வேண்டும். கறவை இல்லாத இந்தச் சமயத்தை விட்டால் எனக்கு லீவு கிடையாது.

மானாம்பதியில் யாரோ கன்று போட்ட எருமையை விற்கிறார்களாம். டீக்கடையில் கேட்டுவிட்டு வந்தவர், உட்காரக்கூட இல்லை. தயிரைக் கத்தியால் வெட்டலாம் என்றார். நெய் உருக்கிச் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பலாம் என்றார். எருமை வாங்கும் முன்னே நெய் விலை பேசுவது எல்லோருக்கும் பழமொழி, என் புருஷனுக்கு ஜாதகம்.

“நான் புள்ளகிட்ட போவணும்யா. எருமைய யாரு பாக்கறது?” என்றேன்.

“அதுக்கு இன்னும் நாள் கீதுமே. அதுக்குள்ள நீ பழக்கிட மாட்டியா? நான் அம்மன்கிட்ட பூ கேட்டுட்டேன். வலப்பக்கமே குடுத்துட்சு.”

“குடுத்த அம்மனே வந்து சாணி அள்ளட்டும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான். பெற்ற மகள் வலியில் கிடக்கும்போது நான் எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டு நிற்பேனா? அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் புத்தி வேலை செய்தது. பசுவாவது ஆள் மாறினால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் பாலை விடும். எருமை அப்படியில்லை. வந்த இடத்தில் எந்தக் கை பழகுகிறதோ அந்தக் கைக்குத்தான் பால். வேறு கை பட்டால் அடக்கிக்கொண்டு நிற்கும். இவருக்கு அது தெரியாது. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுக் கதை அடித்ததோடு சரி, மடியைத் தொட்டவர் இல்லை.

“சரி, வாங்குயா,” என்றேன். “ஆனா மொத நாள்லேர்ந்து நீதான் கறக்கணும். நான் தொட மாட்டேன்.”

“ப்பூ! இதெல்லாம் ஒரு வேலையா?”

எருமை வந்தது. முதல் உதையில் சொம்பு உருண்டது, அடுத்த உதையில் இவர் உருண்டார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை மடக்காதே, நகத்தைப் படவிடாதே என்று சொன்னதோடு சரி, விரலை நீட்டவில்லை. மெல்ல மெல்லப் பழகிவிட்டது. “என் கை பட்டாதான் பால வுடும், தெரியுமா?” என்று டீக்கடையில் பெருமையடித்தார். அடிக்கட்டும் என்று என் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பேத்தி பிறந்தாள். கறுகறுவென்று முடி, இவரைப் போலவே சப்பை மூக்கு. உடனே ஓடி வருவேன் என்று குதித்தவர், ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரைக் கறக்க விட்டுப் பார்த்திருக்கிறார். எருமை ஒரு சொட்டு விடவில்லை, மடி கல்லாகிவிட்டதாம். அதற்கப்புறம் வீடியோ காலில்தான் தாத்தா. ஒரு சாயங்காலம் எருமைக் கொட்டகையிலிருந்தே கூப்பிட்டார். குழந்தையைக் காட்டினேன். போனை மூக்கோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஒரு தபா தூக்கணும் போல கீதுமே,” என்றார்.

அந்த மனுஷனை நான்தானே கட்டிப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை, எருமையை விற்றுவிட்டு வருகிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், கையெடுத்துக் கும்பிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

“நீ புள்ளைய பாத்துக்கோ,” என்றார். “இவளுக்குக் கறக்கற நேரமாச்சி, கத்தறா.”

போனை வைத்துவிட்டார்.