பண்ணையார் கட்டிவிட்ட துண்டு

எங்கள் ஏரிக்கரை நடுகல்லில் நிற்கும் ஆள் மேல் எனக்கு உள்ள கோபம் இந்த வயதிலும் ஆறவில்லை. இடது கையில் வில், வலது கையில் வாள், மார்பில் இரண்டு அம்பு. காலடியில் கோழிக்குஞ்சு அளவுக்கு நாலு மாடு. ஊர் மாட்டை மீட்கப் போய் உயிரை விட்டவனாம். அவன் எங்கள் வம்சத்து ஆள் என்பதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. ஆனால் வடக்கனந்தல் பக்கம் கூலி வேலை செய்து பிழைத்த எங்கள் குடும்பத்துக்கு, சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கல்லை விட்டால் வேறு எதுவும் இல்லை.

மாட்டுப் பொங்கலன்று அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு சடங்கு நடக்கும். எங்கள் குடும்பத்து ஆண் ஒருவரின் தலையில் பண்ணையார் தன் கையாலேயே சிவப்புத் துண்டு கட்டிவிடுவார். வருஷம் முழுக்க அவரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள். அந்த ஒரு நாள் மட்டும் தலையில் துண்டோடு அவர் தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்து வரலாம். அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதால், பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவுக்கு அந்த மரியாதை வந்தது. அந்த ஒரு நாளை நினைத்துத்தான் அவர் மற்ற நாட்களின் வசவுகளை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தில் போர் வந்தது. மார்பில் புண்பட்டவன் வீரன், முதுகில் புண்பட்டவன் கோழை என்று வாத்தியார் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். நான் எழுந்து எங்கள் கல்லைப் பற்றிச் சொன்னேன். வகுப்பே கை தட்டியது. அதுவரை என் பக்கத்தில் உட்கார மறுத்த ஒருத்திகூட அன்று வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கார்த்திகையில் கல்வராயன் மலையில் இரண்டு நாள் விடாத மழை. விடிந்து பார்த்தால் ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. பண்ணையார் சந்தையில் வாங்கி வந்திருந்த புதுக் காளை, முந்தின நாள் மேயப் போனது, ஆற்று நடுவே ஒரு மணல் திட்டில் சிக்கி நின்றது. கரையில் ஊரே கூடியிருந்தது. மத்தியானத்துக்குள் வெள்ளம் வடிந்துவிடும், பொறுக்கலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வேடிக்கை பார்க்க அடுத்த ஊர்ப் பெரிய மனுஷர்களும் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் பண்ணையாரால் பொறுக்க முடியவில்லை.

“ஒன் வம்சத்து ஆளு மாட்டுக்காக அம்பு வாங்கிக்கினு கல்லா நிக்கிறான். நீ இன்னாடா, தண்ணியப் பாத்துப் பயந்துகினு நிக்கிற?” என்றார் சித்தப்பாவிடம்.

சித்தப்பா கக்கத்தில் துண்டோடு தலைகுனிந்து நின்றார். ஏச்சோடு விட்டிருந்தால் அவர் அப்படியே நின்றிருப்பார், ஏச்சு அவருக்குப் பழகிப்போன ஒன்று. பண்ணையார் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, பொங்கலும் இல்லாத ஒரு சாதாரண நாளில், அத்தனை பேர் முன்னிலையில் சித்தப்பாவின் தலையில் கட்டிவிட்டார். எவ்வளவு மலிவாக முடிந்துவிட்டது காரியம்!

“இதோ வந்துடறேன் ஆண்ட” என்றார் சித்தப்பா. சித்தி ஓடிவந்து, “வாணாம்யா, தண்ணி வடியட்டும்யா” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். நானோ, “போ சித்தப்பா, போ!” என்று குதித்துக் குதித்துக் கத்தினேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் ஓங்கி அறையத் தோன்றுகிறது.

அவர் பாதி ஆறு போவதற்குள் காளை மிரண்டு தானாகவே தண்ணீரில் குதித்தது. வெள்ளத்தோடு சாய்வாக நீந்திக் கொஞ்ச தூரம் கீழே போய் எங்கள் கரையிலேயே ஏறிக்கொண்டது. ஊரே ஆரவாரம் செய்துகொண்டு அதன் பின்னால் ஓடியது. முதல் ஆளாக ஓடியவர் பண்ணையார்.

“மாடு வந்துட்சிய்யா! திரும்பி வந்துடுய்யா!” சித்தி மட்டும் கரையிலிருந்து அலறினாள். சித்தப்பாவுக்கு அது கேட்டது. ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தலையில் துண்டோடு இறங்கிய ஆள் பாதி வழியில் வெறுங்கையோடு திரும்புவதா? காளையே இல்லாத அந்தத் திட்டை நோக்கி அவர் மேலும் நீந்தினார். அதைத் தொட்டுவிட்டு வர நினைத்தாரோ என்னவோ. அதற்குள் வெள்ளத்தில் வேரோடு வந்த மரம் ஒன்று அவர் இடுப்பில் மோதியது.

நாணல் புதரில் சிக்கியவரை நாலு பேர் இறங்கி இழுத்து வந்தார்கள். துண்டு அவிழாமல் தலையிலேயே இருந்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது. செத்திருந்தால் இன்னொரு கல்லாவது நட்டிருப்பார்கள். பிழைத்து வந்தவருக்குப் பண்ணையார் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

தை பிறந்தது. அதே காளை கொம்பில் வர்ணத்தோடு கல்லுக்கு முன்னால் நின்றது. பண்ணையார் இந்த முறை என் பதினாலு வயது அண்ணனைக் கூப்பிட்டுத் துண்டு கட்டினார். “நாளையிலேர்ந்து மாட்ட நீ பாத்துக்கடா” என்றார். அண்ணன் அவர் தெரு வழியாக நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். நான் பக்கத்திலேயே ஓடிவந்தேன். சித்தப்பாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம்.

கயிற்றுக் கட்டிலில் கிடந்த சித்தப்பா அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். “கிட்ட வாடா. குனி” என்றார். ஆசீர்வாதம் செய்யப்போகிறார் என்று அண்ணன் குனிந்தான். ஒரே இழுப்பில் துண்டைப் பிடுங்கிச் சித்தியிடம் வீசினார்.

“அடுப்புல வையி.”

சித்தி மறுபேச்சில்லாமல் பொங்கல் பானைக்குக் கீழே அதைத் தள்ளினாள். துணி கருகும் நாற்றம் வீடெல்லாம் பரவியது. அண்ணன் தேம்பித் தேம்பி அழுதான். சித்தப்பா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, “நாளைக்கே பஸ் ஏறி ஒங்கப்பங்கிட்ட போயிடு” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், “ஒனக்குப் பொறாம! அவனுக்குக் கெடச்சிட்சின்னு பொறாம!” என்று கத்தினேன். எண்ணெய் போடுவதற்காகச் சித்தி அவரை ஒருக்களித்துப் புரட்டினாள். அன்றுதான் நான் பார்த்தேன். படுத்துப் படுத்தே முதுகு முழுவதும் புண்.

வாத்தியார் மேசையைத் தட்டிச் சொன்னது நினைவுக்கு வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போனேன். இனிமேல் பள்ளிக்கூடத்தில் சித்தப்பாவைப் பற்றி ஒருத்தரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.