வாடகைக்காரியின் ரத்தம்

வீட்டுக்காரம்மாவை ‘அவர்’ என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. ‘அவள்’ என்றே எழுதுகிறேன். அவளுக்கு என்னைவிட இருபத்தைந்து வயது கூட. அதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

விருதுநகரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்து அப்போது மூன்றாவது வருஷம். சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தினமும் போய்வர முடியாது. கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனியாக வீடு கொடுக்க விருதுநகரில் யாரும் தயாராக இல்லை. தலைமையாசிரியை அலைந்து திரிந்து இவள் வீட்டின் பின்கட்டில் ஓர் அறையைப் பிடித்துக் கொடுத்தார். அவர்கள் சுத்த சைவம். மகன் சிவகாசி அச்சாபீஸ்களுக்குக் காகிதம் அனுப்பும் கடை வைத்திருந்தான். எனக்கு அறை கொடுத்தபோது அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, கவிச்சி வாடை வரக்கூடாது. முட்டையும் அதில் சேர்த்தி. நான் ஒத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வருவேன்.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் எனக்கு டைபாய்டு வந்தது. மூன்று வாரம் அந்தப் பின்கட்டில்தான் கிடந்தேன். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று என் தண்ணீர்ப் பானையைத் தனியாக வைக்கச் சொன்னதே இவள்தான், ஆகவே எனக்குக் காய்ச்சல் வந்தது இவளுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்துவிட்டது. வாத்தியார்கள் தலையில்தானே அதைக் கட்டுவார்கள். பகலெல்லாம் பள்ளிக்கூடம், மணி அடித்தபின் கட்டுக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடை. தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் அந்த இரண்டு நாள் கிடைக்கவே இல்லை.

கணக்கெடுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாய் விரித்துப் படுக்கப் போகும்போது வீட்டுக்காரம்மா ஓடிவந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவள் மகளுக்குக் காலையில் பெண்குழந்தை பிறந்திருந்தது. பிறந்த பின்னும் ரத்தம் நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் ஆள் கேட்கிறார்கள் என்றாள். மகன் எங்கே என்று கேட்டேன். தொழிலுக்குப் போகிற ஆம்பிளைப் பிள்ளை, அவன் ரத்தத்தை எடுத்தால் நிற்கவா செய்வான் என்றாள். அந்த ஆம்பிளைப் பிள்ளை ஒரு மூட்டைக் காகிதத்தை ஒற்றைத் தோளில் தூக்கி வைப்பவன்.

அந்தப் பெண் மேல் எனக்குப் பிரியம் உண்டு. காய்ச்சலில் கிடந்தபோது அம்மாவுக்குத் தெரியாமல் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். கிளம்பிவிட்டேன்.

டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சமீபத்தில் காய்ச்சல் ஏதும் வந்ததா, சரியாகத் தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று மூன்று கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

“அதெல்லாம் ஒண்ணுமில்லைங்கம்மா. டீச்சர் நல்லா இருக்காக. நேத்துகூட ஊரெல்லாம் நடந்து கணக்கெடுத்துட்டு வந்தாக.”

நான் எதுவும் சொல்லவில்லை. பின்னால் நிற்பவள் வீட்டுக்காரி, உள்ளே கிடப்பவள் அவள் மகள். அவள் பொய் சொல்கிறாள் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? சொன்னால் மறுநாள் பாய் படுக்கையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அதையும் இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பரிசோதித்ததில் என் ரத்தம் அந்தப் பெண்ணுக்குச் சேர்ந்தது. ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறைய எடுத்தார்கள். எழுந்து உட்கார்ந்ததும் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காபி கொடுத்தார்கள், குடித்தேன். வீட்டுக் குதிரைவண்டியை மகன் கடைக்கு ஓட்டிப் போயிருந்தான். வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

திங்கள், செவ்வாய் எப்படியோ ஓடியது. புதன்கிழமை கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், பாதிக் கணக்கில் விழுந்துவிட்டேன். மேஜை விளிம்பு நெற்றியில் இடித்து மூன்று தையல். அதே டாக்டரம்மா கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். இந்தத் தடவை எனக்குப் பின்னால் யாரும் இல்லை. டைபாய்டு வந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“அன்னைக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? தெரிஞ்சிருந்தா உன்னைத் தொட்டிருப்பேனா?”

ஜூன் மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு உடல்தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டியவர் அவர்தான். இந்த உடம்புக்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரும்புச்சத்து டானிக் எழுதினார். தினம் இரண்டு முட்டை, ஈரல், முடிந்தால் சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல், எட்டு மணி நேரத் தூக்கம் என்று சீட்டின் அடியில் தமிழிலேயே எழுதிக் கோடு போட்டார். வேலை போனால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். ஊரில் எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள் என் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் போனேன். சுவரொட்டி வேண்டாம், முட்டை மட்டுமாவது அவித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். ஒரு பாட்டில் ரத்தத்துக்கு இரண்டு முட்டை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் முகம் சுளித்தாள். கொல்லையில் முருங்கைக்கீரை கிடக்கிறது, பறித்துக்கொள் என்றாள். பச்சைப் பிள்ளை வரப்போகிற வீடாம்.

அதையும் பொறுத்திருப்பேன். அடுத்த நாள் அவள் ஒரு தபால் கார்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கடிதங்களெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பது. மகளின் மாமியார் காரியாபட்டியில் இருந்தார். அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு, பதினாறு கழியாமல் வரமுடியாது. அவருக்கு விஷயத்தைத் தெரிவிக்க வேண்டும். நெற்றியில் கட்டோடு நான் உட்கார்ந்து எழுத, அவள் நின்றுகொண்டு சொன்னாள்.

“ஆபத்துன்னதும் எங்க பய ஒரு நிமிசம் யோசிக்கலை, தங்கச்சிக்குக் கையை நீட்டிட்டான்னு எழுது.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண்ணைக்கூட எடுக்கவில்லை. சம்பந்தி வீட்டில் ஆசாரம் ஜாஸ்தி, கறி தின்னுகிற ரத்தம் என்று தெரிந்தால் பெண்ணை ஒரு மாதிரி பார்ப்பார்கள், உனக்கென்ன போகிறது என்றாள். எழுதினேன். என் ரத்தத்தை அவள் மகன் பெயருக்கு என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன், ஒரு புள்ளி பிசகாமல்.

அன்றிலிருந்து அவள் எங்காவது விழ வேண்டும் என்று ஆசைப்பட ஆரம்பித்தேன். கிணற்றடியில் வழுக்கியாவது, படியில் தடுக்கியாவது. கோயிலில் ஜெபம் சொல்லும்போது மற்றவர்களை மன்னிக்கிற வரி வந்தால் வாயை மூடிக்கொள்வேன். காரியாபட்டியிலிருந்து பதில் வந்தது. உங்கள் வீட்டுத் தம்பி செய்த உதவியை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். ‘குழந்தை சுகமா’ என்பதை மட்டும் படித்துக் காட்டிவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டேன். என்ன, இவ்வளவுதானா என்று அவள் திருப்பித் திருப்பிக் கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். அற்ப சந்தோஷம்தான், ஒரு வாரம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

உடம்பைத் தேற்றியதும் அந்த ஆத்திரத்தில்தான். இவள் கண்ணெதிரே நான் சதைபிடித்து நடமாட வேண்டும் என்று வைராக்கியம். பள்ளிக்கூடத்து ஆயா தினமும் முட்டை அவித்துத் தந்தாள். சனிக்கிழமை வேலை என்றால் முடியாது என்று தலைமையாசிரியையிடம் முகத்துக்கு நேரே சொல்லக் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கே கதவைச் சாத்திப் படுத்தேன். வீட்டுக்காரம்மா கடிதம் எழுதக் கூப்பிட்டால் தூங்குகிற மாதிரி கிடப்பேன்.

பிரசவமாகி மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் ரத்தப்போக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா பள்ளிக்கூடத்து வாசலுக்கே வந்து நின்றாள். இதுவரை ‘நீ’ என்றவள் அன்றைக்கு ‘நீங்க’ என்றாள். இன்னும் ஒரு பாட்டில் வேண்டுமாம். காரியாபட்டியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா, தம்பி ரத்தம்தான் நன்றாகச் சேர்ந்ததே, அவரையே கூப்பிடுங்கள் என்கிறாராம். தம்பி சிவகாசிக்கு லோடு ஏற்றிப்போய்விட்டாராம்.

“பின்வாசல் வழியா வந்து படுத்துட்டுப் போயிருங்க டீச்சர். யாருக்கும் தெரிய வேணாம்.”

வருகிறேன் என்றேன். ஆனால் முன்வாசல் வழியாகத்தான் போனேன். சம்பந்தியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவருக்கு நேர் எதிரே நின்று, நான் இப்போது ரத்தம் கொடுக்கலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துதான் அங்கே கேட்டேன். டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம்.

“போன தடவை இந்தப் பொண்ணுகிட்ட எடுத்ததே தப்பு. அதுவே இன்னும் தேறலை. மறுபடியும் இவளையே கூட்டிட்டு வந்து நிக்கிறீகளே, உங்க வீட்டுல வேற மனுசங்களே இல்லையா?”

சம்பந்தியம்மா மெதுவாகத் திரும்பி வீட்டுக்காரம்மாவைப் பார்த்தார். வீட்டுக்காரம்மா தரையைப் பார்த்தாள். நேரமாகிறது என்று டாக்டரம்மா அவளையே உள்ளே கூப்பிட்டுப் பரிசோதித்தார். சேர்ந்தது.

நான் போகவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். கட்டில் கொள்ளாத உடம்பு, நெய்யும் பருப்புமாக வளர்ந்தது. ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பாட்டில் நிறைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்ததும் விழுவாள், என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நகர்வது என்று ஒரு வெறி.

அவள் விழவில்லை. கால் மணி நேரம் படுத்திருந்தாள், எழுந்தாள், சேலையைச் சரிசெய்தாள், வெளியே வந்து சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து காபியை ஆற்றிக் குடித்தாள். முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. சாப்பிட்டுத் தூங்கி எழுந்த உடம்புக்கு அது ஒன்றுமே செய்யாது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

“இம்புட்டுத்தானா? எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

நெற்றித் தழும்பு விண்விண் என்றது.

“அப்ப அன்னைக்கே நீங்க படுத்திருக்கலாமேம்மா. காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சவளை எதுக்கு இழுத்துட்டு வந்தீக?”

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். சம்பந்தியம்மா முன்னால் ஏதாவது ஒரு பொய் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“எனக்குப் பயமா இருந்துச்சு” என்றாள்.

“எனக்கும்தான் பயமா இருந்துச்சு” என்றேன்.

அன்று சாயங்காலம் கறிக்கடையில் சுவரொட்டி வாங்கி, அறைக் கதவை விரியத் திறந்துவைத்து, மிளகு தட்டிப்போட்டு வறுத்தேன். முன்கட்டிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஜூன் மாதம் டாக்டரம்மா சான்றிதழில் கையெழுத்துப் போட்டார், நானும் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

பயமாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. பயம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் பக்கம் திரும்பி, உனக்குப் பயமாயிருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.